பழைய சாலைகளில் சைக்கிள்: நேட்டால் பாதைகள் பற்றிய கேள்வி பதில்

கேள்விகள் அனுப்பிய எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் மாகாணத்தில், டர்பனைச் சுற்றிய பாதைகளைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். நான் நன்றாக அறிந்ததும் அவற்றைத்தான். எல்லாப் பதிலுக்கும் பொதுவாக ஒன்று சொல்லிவிடுகிறேன். நெடுஞ்சாலை வந்த பிறகு பின்னுக்குப் போன பழைய சாலைகள்தான் நமக்கான சாலைகள். வடக்கும் தெற்கும் போக ஆர்102, மலைப்பக்கம் ஏற ஆர்103. நம் முன்னோர் இறங்கிய ஊர்கள், கட்டிய கோயில்கள், வேலை செய்த ஆலைகள் எல்லாம் இவற்றின் ஓரத்தில்தான் இருக்கின்றன.

மிட்ராண்டிலிருந்து: அண்ணே, மதுரையிலிருந்து வந்து இங்கே ஐ.டி.யில் வேலை செய்கிறேன். டிசம்பர் லீவில் டர்பன் வருகிறேன். ஒரே ஒரு நாள்தான் சைக்கிளுக்கு. எங்கே போகலாம்?

வெருலத்திலிருந்து ஸ்டாங்கர் வரை ஆர்102-இல் போங்கள், தம்பி. ஒரு வழி ஏறக்குறைய 45 கி.மீ. பெரிய மலை கிடையாது. ஆனால் கரும்புக் காட்டுக்குள் ஏறுவதும் இறங்குவதுமாகவே போகும். சமதளம் என்று நினைத்துக் கிளம்ப வேண்டாம்.

வெருலம் 1850-இல் வெஸ்லியன் குடியேறிகள் அமைத்த ஊர். அங்கே கோபாலால் கோயில் இருக்கிறது. 1913-இல் காந்தி திறந்து வைத்தது. அடுத்து டோங்காட். ஜகந்நாதபுரி கோயிலின் உயர்ந்த வெள்ளைக் கோபுரமும் மெய்ட்ஸ்டோன் சர்க்கரை ஆலையும் அங்கே இருக்கின்றன. 1860 நவம்பர் 16-ஆம் தேதி டர்பனில் நின்ற ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தது இந்தக் கரும்புக்காகத்தான். ஷாக்காஸ்கிரால் தாண்டினால் க்ரூட்வில். 1960-ஆம் ஆண்டின் நோபல் அமைதிப் பரிசு பெற்ற ஆல்பர்ட் லுதூலி வாழ்ந்த வீடு அங்கே அருங்காட்சியகமாக இருக்கிறது. அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். ஸ்டாங்கருக்கு இப்போது க்வாடுகூசா என்று பெயர். ஜூலு மன்னர் ஷாகா 1828-இல் கொல்லப்பட்டது அந்த ஊரில்தான். நினைவிடம் ஊருக்குள்ளேயே இருக்கிறது.

டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும். வெளிச்சம் வந்ததும் கிளம்பிவிடுங்கள். கடற்கரையில் வடகிழக்குக் காற்று பொழுது ஏற ஏறத்தான் வலுக்கும். காலையில் அமைதியாக வடக்கே போய்விட்டால், திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளிவிடும். தென்மேற்குக் காற்று அடிக்கும் நாளில் மழையும் பின்னாலேயே வரும். அன்று கோயிலுக்குக் காரில் போய்க்கொள்ளுங்கள்.

பீனிக்ஸிலிருந்து: என்2 நெடுஞ்சாலையில் ஓரம் அகலமாக, வழவழப்பாக இருக்கிறதே, அதிலேயே போகக் கூடாதா?

கூடாது. நெடுஞ்சாலையில் சைக்கிளுக்குச் சட்டப்படி அனுமதி இல்லை. அதோடு ஹெல்மெட் கட்டாயம். முந்தும் நேரம் தவிர ஒருவர் பின் ஒருவராகத்தான் ஓட்ட வேண்டும் என்பதும் சட்டம்தான்.

டோங்காட்டிலிருந்து: கரும்பு லாரிகளை நினைத்தால் பயமாக இருக்கிறது. எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பயம் நியாயமானதுதான். கரும்பு வெட்டு ஏறக்குறைய ஏப்ரலில் தொடங்கி ஆண்டுக் கடைசி வரை நடக்கும். இழுவைப்பெட்டி கோத்த லாரி பக்கத்தில் கடக்கும்போது முதலில் காற்று உங்களை வெளியே தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். ஆபத்து அந்த இழுப்பில்தான் இருக்கிறது. சத்தம் கேட்டதும் ஹேண்டிலின் கீழ்வளைவைப் பிடித்து, முழங்கையைத் தளர்த்தி, நேர்க்கோட்டில் போங்கள். சாலையின் வெள்ளைக்கோட்டு விளிம்பிலேயே ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். அங்கே ஒதுங்க இடம் இருக்காது. ஓட்டுநரும் இடம் போதும் என்று நினைத்து நெருக்குவார்.

ஆலைக்குத் திரும்பும் முனைகளில் சிந்திய கரும்பும் சோகையும் கிடக்கும். தூறல் விழுந்தால் அந்தச் சாறும் மண்ணும் சேர்ந்து வழுக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். கரும்புக்குத் தீ வைத்துப் புகை சாலையை மூடியிருந்தால் நின்று விடுங்கள். உங்களுக்கு வழி தெரிந்தாலும் லாரிக்காரருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து: நானும் என் பதினைந்து வயது மகளும் சேர்ந்து ஓட்டுகிறோம். கூட்டமில்லாத பாதை வேண்டும்.

அக்கா, உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. ஹோவிக்வரை காரில் சைக்கிளை ஏற்றிப் போய், அங்கிருந்து ஆர்103-இல் நாட்டிங்ஹாம் ரோடு பக்கம் ஓட்டுங்கள். 95 மீட்டர் உயர ஹோவிக் அருவியை முதலில் பார்த்துவிடலாம். ஊரைத் தாண்டிச் சில கிலோமீட்டரில் மண்டேலா கைதான இடம். 1962 ஆகஸ்ட் 5 அன்று, கார் ஓட்டுநர் வேடத்தில் வந்தவரை இந்தச் சாலையில்தான் நிறுத்தினார்கள். ஐம்பது எஃகுத் தூண்களை நட்டு வைத்திருக்கிறார்கள். சரியான இடத்தில் நின்று பார்த்தால் அவருடைய முகம் தெரியும். மகளுக்கு அந்த இடத்தை நீங்களே தேடிக் காட்டாதீர்கள், அவளே கண்டுபிடிக்கட்டும்.

அதன் பிறகு லிட்கெட்டன், பால்கோவன் என்று புல்வெளியும் மாட்டுப் பண்ணையுமாகப் போகும். முதல் தடவை லிட்கெட்டனிலேயே திரும்பிவிடலாம். ஜூன், ஜூலை அதிகாலையில் உறைபனி இருக்கும், ஒன்பது மணிக்கு மேல் கிளம்புங்கள். கோடையில் நேர்மாறு. பிற்பகல் இடிமழைக்கு முன்பு வீடு திரும்பியாக வேண்டும்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து: மாரிட்ஸ்பர்க் மேலே இருக்கிறது, டர்பன் கடலோரம். அப்படியானால் அங்கிருந்து இங்கே வரும் அமாஷோவா சைக்கிள் பந்தயம் முழுக்க இறக்கம்தானே?

அந்த எண்ணத்தோடு வருகிறவர்கள் இஞ்சாங்கா ஏற்றத்தில் காலைத் தரையில் ஊன்றி நிற்பதை ஒவ்வோர் அக்டோபரிலும் பார்க்கலாம். 106 கி.மீ. பந்தயத்தில் ஊரை விட்டு வெளியேறும்போதே பாலி ஷார்ட்ஸ் ஏற்றம் வரும். கேம்பர்டவுன், கேட்டோ ரிட்ஜ் பக்கம் மேட்டுநிலம். அப்புறம் இஞ்சாங்கா, டிரம்மண்ட், போத்தாஸ் ஹில். அதற்குப் பிறகுதான் உண்மையான இறக்கம். முதல் 30 கி.மீ.யில் மூச்சு வாங்காமல், பேசிக்கொண்டே ஓட்ட முடிகிற வேகத்துக்கு மேல் போகாதீர்கள்.

பந்தயம் இல்லாத நாளிலும் டிரம்மண்டில் ஒரு முறை நின்று ஆயிரம் குன்றுப் பள்ளத்தாக்கைப் பாருங்கள். நேட்டாலில் அதற்கு இணையான காட்சி இன்னொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

லெனேசியாவிலிருந்து: ஐயா, 1913-இல் காந்தியோடு சத்தியாக்கிரகிகள் நடந்த வழியில் சைக்கிள் ஓட்ட எங்கள் குழுவுக்கு ஆசை. முடியுமா?

முடியும். தமிழர்கள் ஒரு முறையாவது போக வேண்டிய பாதை இது. விடுதலை பெற்ற ஒப்பந்தக் கூலிகள் மீது விதித்த மூன்று பவுண்டு வரியை எதிர்த்து நியூகாசில் சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அவர்களைத் தட்டி எழுப்பியது டிரான்ஸ்வாலிலிருந்து வந்த பெண்கள். அந்தப் பெண்களில் பெரும்பாலோர் தமிழர்கள். நியூகாசிலிலிருந்து சார்லஸ்டவுன் 36 மைல். நாள் ஒன்றுக்கு ஒன்றரை பவுண்டு ரொட்டியும் ஓர் அவுன்ஸ் சர்க்கரையும்தான் உணவு. நவம்பர் 6 அன்று 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் சார்லஸ்டவுனிலிருந்து டிரான்ஸ்வால் எல்லை நோக்கி நடந்தார்கள். அவர்கள் போய்ச் சேர நினைத்த டால்ஸ்டாய் பண்ணை உங்கள் ஊருக்குப் பக்கத்து லாலேயில்தான் இருந்தது. பால்ஃபரில் அவர்களைத் தடுத்து ரயிலில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே அந்த வரி ஒழிந்தது.

நியூகாசில் முதல் வோல்க்ஸ்ரஸ்ட் வரை மட்டும் ஓட்டுங்கள் என்பது என் யோசனை. கடைசியில் மஜூபா மலையடியில் லைங்ஸ் நெக் கணவாய் ஏற்றம். புறப்பட்ட இடத்தை விட 400 மீட்டருக்கு மேல் உயரத்தில் போய் முடிப்பீர்கள். என்11-இல் லாரி அதிகம், ஓரம் சில இடங்களில் இல்லவே இல்லை. அதனால் ஞாயிறு விடியற்காலை, பின்னால் விளக்கெரியும் பக்கி (சிறு சரக்கு வண்டி) ஒன்றோடுதான் போக வேண்டும். ஏப்ரல், மே மாதங்கள் நல்லது. ஸ்டாண்டர்டன், பால்ஃபர் வழியாகப் போகும் ஆர்23 பகுதியைக் காரில் கடந்துவிடுங்கள். நிலக்கரி லாரிகளுக்கும் குழிகளுக்கும் நடுவே குழுவாக ஓட்டுவதை நான் ஏற்க மாட்டேன். ஊர் திரும்பியதும் ஜோகன்னஸ்பர்க் பிராம்ஃபொன்டீன் கல்லறையில் அந்தப் போராட்டத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மைக்கு ஒரு பூ வையுங்கள். சிறையில் நோயுற்று 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தபோது அந்தப் பெண்ணுக்கு வயது 16.

நியூகாசிலிலிருந்து: டயர் எது?

28 மி.மீ.க்குக் குறையாமல். சைக்கிளில் இடம் இருந்தால் 32. நம் கிராமச் சாலைகள் ஜல்லி தூவிய தார், கை மரத்துப்போகும். காற்றைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். வெடித்த லாரி டயரின் மெல்லிய கம்பிகள்தான் அதிகம் பஞ்சர் ஆக்குகின்றன. மாற்று டியூப் இரண்டு எடுத்துப் போங்கள்.

கேப் டவுனிலிருந்து: எங்களுக்கும் ஒன்று சொல்லுங்கள்.

வெல்லிங்டனிலிருந்து பெய்ன்ஸ் க்ளூஃப் வழியாக டல்பா. ஆண்ட்ரூ பெய்ன் போட்ட அந்தக் கணவாய்ச் சாலை 1853-இல் திறந்தது. வெள்ளத்தில் சேதமாகி மூடுவதுண்டு, விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். டல்பாவின் சர்ச் தெரு 1969 நிலநடுக்கத்தில் இடிந்து, பழையபடி கட்டி எழுப்பப்பட்டது.

மவுண்ட் எட்ஜ்கோமிலிருந்து: புரட்டாசி முழுதும் கவிச்சி கிடையாது. நீண்ட தூரம் ஓட்டினால் வழியில் என்ன சாப்பிடுவது, அண்ணா?

பீன்ஸ் பன்னி இருக்கிறதே! கால் ரொட்டியில் சர்க்கரை பீன்ஸ் குழம்பு. மாவும் உப்பும் பருப்பும் ஒன்றாகக் கிடைக்கும். வெருலம், டோங்காட், ஸ்டாங்கர் மூன்று ஊரிலும் வாங்கலாம். அதை ஓட்டம் முடிந்த பிறகு சாப்பிடுங்கள். ஓட்டும்போது வாழைப்பழமும், உப்பும் எலுமிச்சையும் சேர்த்த தண்ணீரும் போதும். கடற்கரைப் புழுக்கத்தில் மணிக்கு ஒரு பாட்டிலாவது குடிக்க வேண்டும். குழம்பைக் கவிச்சி கலக்காத பாத்திரத்தில் செய்கிறார்களா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த மாதத்தில் யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.