டாக்டரம்மாகிட்ட கேளுங்க: நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப ஏன் வருது?

கேள்வி: டாக்டரம்மா, நான் மதுரையில ஒரு ஜவுளிக்கடையில சேல்ஸ்ல இருக்கேன். கல்யாணமாகி 5 மாசம் ஆகுது, அதுக்குள்ள 3 தடவை நீர்க்கடுப்பு வந்துடுச்சு. அத்தை உடம்பு சூடுதான்னு வெந்தயம் ஊறவச்சுக் குடுக்கிறாங்க. மெடிக்கல்ல வாங்குற மாத்திரை ரெண்டு போட்டா நிக்குது, மறுபடி வருது. கடையில பாத்ரூம் நாலாவது மாடியில, சூப்பர்வைசர்கிட்ட கேட்டுத்தான் போகணும், அதனால தண்ணியே குடிக்கிறதில்ல. காலைல நிரப்புற பாட்டில் ராத்திரி அப்படியே திரும்பி வருது. எங்கிட்ட ஏதாவது தப்பா?

பதில்: உங்ககிட்ட ஒரு தப்பும் இல்லம்மா, முதல்ல அந்த நினைப்ப விடுங்க. இது சூடும் இல்ல, சுத்தமில்லாதவங்களுக்கு வர்றதும் இல்ல. பெண்கள்ல ஏறக்குறைய பாதிப்பேருக்கு வாழ்க்கையில ஒரு தடவையாவது வர்றதுதான். பெரும்பாலும் காரணம் ஈ கோலைங்கிற பாக்டீரியா, அது நம்ம எல்லார் குடல்லயும் சாதாரணமா இருக்கிறதுதான். பொம்பளைங்களுக்கு சிறுநீர்க் குழாய் 4 சென்டிமீட்டர்தான், ஆம்பளைங்களுக்கு சுமார் 20, அதோட நமக்கு அந்த வாசலும் மலவாசலும் பக்கத்துல பக்கத்துல இருக்கு, அதனால அந்த பாக்டீரியா சிறுநீர்ப்பைக்குள்ள ஏறிப்போறது சுலபம். தாம்பத்தியத்தப்பவும் உள்ள தள்ளப்படும், அதான் கல்யாணமான புதுசுல நிறைய பேருக்கு வருது. உங்க வீட்டுக்காரர் மேல சந்தேகப்பட வேண்டியதும் இல்ல, அவர் உங்க மேல சந்தேகப்பட வேண்டியதும் இல்ல.

ஆனா உங்க லெட்டர்ல எனக்கு வயித்தக் கலக்கினது அந்த பாட்டில்தான். உள்ள ஏறுற கிருமிய வெளிய அடிச்சுட்டுப் போறது சிறுநீர்தான்மா. நீங்க தண்ணியும் குடிக்காம அடக்கியும் வச்சா, அது பைக்குள்ள சொகுசா உக்காந்து பெருகும், நல்ல சூழ்நிலை கிடைச்சா 20 நிமிஷத்துக்கு ஒருக்கா ரெட்டிப்பாகுற ஜாதி அது. 2018ல வந்த ஒரு ஆய்வுல, அடிக்கடி இது வர்ற, தண்ணி கம்மியா குடிக்கிற பெண்கள தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலா குடிக்க வச்சுப் பாத்தாங்க, ஒரு வருஷத்துல இன்ஃபெக்‌ஷன் கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சிடுச்சு. அத்தைகிட்ட சொல்லுங்க, வெந்தயத் தண்ணியில உள்ள தண்ணி நல்லதுதான், ஆனா கிருமிய அது கொல்லாது.

அந்த ரெண்டு மாத்திரை பழக்கத்தையும் விட்டுடுங்க, அரைகுறையா போட்டா கிருமி பழகிடும், அப்புறம் மருந்தே கேக்காது. இந்த தடவை மாத்திரை போடுறதுக்கு முன்னாடியே யூரின் கல்ச்சருக்கு, அதாவது எந்த கிருமி, அதுக்கு எந்த மருந்து கேக்கும்னு பாக்குற டெஸ்ட்டுக்கு, யூரின் குடுங்க, முதல்ல வர்றத விட்டுட்டு நடுவுல வர்றத பிடிக்கணும். நாள் தள்ளிப்போயிருந்தா டாக்டர்கிட்ட அதை முதல்ல சொல்லுங்க, கர்ப்பத்துல இது சீக்கிரமா கிட்னிக்கு ஏறும், எல்லா மாத்திரையும் போடவும் முடியாது. குளிர்ஜுரம், விலாப்பக்கம் முதுகுல வலி, வாந்தி வந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரி போயிடணும். தாம்பத்தியம் முடிஞ்சதும் யூரின் போயிடுங்க, கழுவும்போது முன்னாடியிருந்து பின்னாடி, சோப்பு லோஷன் எதுவும் வேண்டாம்.

கடையில மூணு நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா போயே ஆகணும், தனியா கேக்க கூச்சமா இருந்தா நாலு பேர் சேர்ந்து கேளுங்க, வேணும்னா டாக்டர் சீட்டுல எழுதி வாங்கிட்டுப் போங்க. கடை ஊழியர்களுக்கு உக்கார சீட் குடுக்கணும்னு 2021ல தமிழ்நாட்டுல சட்டமே வந்துச்சு, நாள் முழுக்க நிக்கிற கஷ்டத்த பேசினதாலதான அது வந்துச்சு, பாத்ரூம் போறதையும் பேசித்தான் ஆகணும்.

கேள்வி: எனக்கு 64 வயசு, சுகர் இருக்கு. ஆம்பளைக்கும் யூரின் இன்ஃபெக்‌ஷன் வருமா? ராத்திரி நாலு தடவை எந்திரிக்கிறேன், சொட்டு சொட்டா போகுது.

பதில்: வரும்ங்க ஐயா, உங்க வயசுல காரணம் வேற. பைக்குக் கீழ இருக்கிற புரோஸ்டேட்ங்கிற சுரப்பி வீங்கி குழாய நெருக்குது, பை முழுசா காலியாகாது, தேங்கின குட்டைத் தண்ணி மாதிரி மிச்சம் நிக்கும், அதுல கிருமி வளரும். சுகர் கன்ட்ரோல்ல இல்லன்னா எதிர்ப்பு சக்தியும் குறையும், பை நரம்பும் மந்தமாகும். கல் இருந்தாலும் இப்படி வரலாம். வயசானா அப்படித்தான்னு விட்டுடாதீங்க. யூரின் கல்ச்சர், சுகர், அப்புறம் ஒரு ஸ்கேன், அதுல யூரின் போனதுக்கு அப்புறம் எவ்வளவு மிச்சம் நிக்குதுன்னு அளந்து எழுதச் சொல்லி கேட்டு வாங்குங்க.