சவரக்கத்தியில் பல் விழுந்தால்

கேள்வி: தாத்தாவின் மடக்குச் சவரக்கத்தியைக் கழுவும்போது குழாயில் இடித்துவிட்டேன். கத்தியின் வாயில், அதாவது வெட்டும் விளிம்பில், மூன்று இடத்தில் பல் விழுந்து பள்ளமாகிவிட்டது. நடுவில் இருப்பது அரை மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். 1000, 8000 என்று இரண்டு தீட்டுகல் வைத்திருக்கிறேன் (எண் கூடக் கூட கல் நைசாக இருக்கும்). வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

முடியும், பொறுமை இருந்தால். விழுந்த பல்லை அடைக்க வழி கிடையாது. பள்ளத்தின் அடி எங்கே இருக்கிறதோ, அதுவரை மொத்த வாயையும் இறக்கியாக வேண்டும். பள்ளம் இருக்கிற இடத்தை மட்டும் அழுத்தித் தேய்க்காதீர்கள். அங்கே வாய் குழிந்துவிடும், அப்புறம் அந்த இடம் கல்லிலேயே படாது.

முதலில் பத்து மடங்கு காட்டும் லென்ஸில் பள்ளத்தைப் பாருங்கள். அதன் அடியிலிருந்து முதுகை நோக்கி மயிரிழைபோல் ஒரு கோடு ஓடினால் அது விரிசல். அப்படியிருந்தால் கத்தியைத் தாத்தாவின் நினைவாக வைத்துக்கொள்ளுங்கள், முகத்தில் வைக்க வேண்டாம்.

விரிசல் இல்லையா, சரி. முதுகில் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று ஒட்டுங்கள். சவரக்கத்தியைத் தீட்டும்போது முதுகும் வாயும் சேர்ந்தே கல்லில் படும். கோணத்தைத் தீர்மானிப்பது முதுகுதான். அரை மில்லிமீட்டர் இறக்குவதற்குள் முதுகும் பளபளவென்று தேய்ந்துவிடும். டேப் ஒட்டினால் கோணம் கெடாதா என்று கேட்பார்கள். முதுகின் தடிமன் 5 மில்லிமீட்டர், முதுகிலிருந்து வாய்வரை அகலம் 19 மில்லிமீட்டர் என்றால் கோணம் சுமார் 15 டிகிரி. அரை மில்லிமீட்டர் இறங்கி, டேப்பும் இருந்தால் 16½ டிகிரி அளவுக்கு வரும். சவரத்துக்கு அது தாராளம்.

அடுத்து, 1000 கல்லைச் சமப்படுத்துங்கள். பென்சிலால் கட்டம் போட்டு, கண்ணாடிமேல் வைத்த ஈரமான உப்புத்தாளில் கோடு முழுக்க மறையும்வரை தேய்த்தால் போதும்.

அரை மில்லிமீட்டரை 1000 கல்லிலேயே பக்கவாட்டில் தேய்த்து எடுப்பது நாள்கணக்கு வேலை. அதனால் கத்தியைச் செங்குத்தாக நிறுத்தி, வாயையே கல்லில் வைத்து, கத்தியின் எடையோடு மட்டும் மெல்ல இழுங்கள். மனசு கொஞ்சம் பதறத்தான் செய்யும். வாய் வளைவாக இருந்தால் அந்த வளைவோடு கையையும் உருட்ட வேண்டும். பள்ளம் முக்கால்வாசி மறைந்ததும் நிறுத்திவிடுவேன். மீதியைப் பக்கவாட்டுத் தீட்டல் எடுத்துக்கொள்ளும்.

இப்போது விளக்கடியில் வாய் மேலே இருக்கும்படி பிடித்துப் பாருங்கள். நுனி நெடுக ஒரு வெள்ளைக் கோடு மின்னும். கூரான வாய் ஒளியைத் திருப்பாது, மழுங்கியதுதான் மின்னும். இனி கத்தியைக் கல்லில் படுக்கவைத்து, ஒரு பக்கம் இருபது, மறுபக்கம் இருபது என்று தேய்த்துக்கொண்டே வாருங்கள். கோடு மெலியும், அறுந்து துண்டாகும், கடைசியில் பள்ளம் இருந்த இடங்களில் மட்டும் ஊசிமுனையளவு மினுக்கம் நிற்கும். எல்லோரும் அவசரப்படுவது இங்கேதான். நானும் ஒருமுறை அந்தப் புள்ளியை விட்டுவிட்டு 8000 கல்லுக்குப் போனேன். ஒரு மாலை முழுக்கத் தேய்த்தும் அது அப்படியே இருந்தது. புள்ளி மறையும்வரை 1000 கல்லை விட்டு நகராதீர்கள்.

வேலை சீக்கிரம் முடிய 400 கல் வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஆனால் அதன் ஆழமான கீறல்கள் வாய்வரை வந்தால் புதுசாகப் பொடிப்பல் விழும். கடைசிக் கட்டத்தை 1000 கல்லுக்கே விட்டுவையுங்கள். மோட்டார் சாணை மட்டும் வேண்டவே வேண்டாம். மெல்லிய வாய் நொடியில் சூடேறும். எஃகு நீலம் பாரித்தால் அந்த இடத்தில் பதம் போயிற்று.

1000-இலிருந்து 8000-க்குத் தாவுவது பெரிய தாவல். நடுவில் 3000 அல்லது 4000 கல் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் 8000-இல் கூடுதல் நேரம் செலவழியுங்கள். கல் மாற்றும்போது டேப்பையும் புதுசாக ஒட்டுங்கள். 8000-இல் மறுபடி பொடிப்பல் தெரிந்தால் உள்ளே துரு அரித்திருக்கலாம், திரும்ப 1000-க்கு வந்து இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும். முடிந்ததும் டேப்பை உரித்துவிட்டு, முதுகு முன்னே போகும்படி தோல்வாரில் ஐம்பது அறுபது முறை இழுங்கள்.

இனிமேல் குழாயடியில் கழுவ வேண்டாம். ஈரத்துணியை விரித்து, முதுகு முன்னே போகிற மாதிரி வழித்துத் துடைத்தாலே நுரை போய்விடும்.