காற்றுத் தீவுக்கு எந்த மாதம் போவது?

கேள்வி: நாங்கள் லண்டனில், குரோய்டனில் இருக்கிறோம். மகளுக்கு 12 வயது, மகனுக்கு 8. சர்ஃபிங் கற்றுக்கொள்ள வேண்டும் என்று இருவரும் ஒரு வருடமாகக் கேட்கிறார்கள். கேனரி தீவுகளில் உள்ள ஃபுவெர்த்தெவெந்துராவுக்குப் போகலாம் என்கிறார் கணவர். அங்கே காற்று பயங்கரமாக அடிக்கும் என்று கேள்விப்பட்டேன். ஆகஸ்டில் போவதா, அக்டோபர் அரைப்பருவ விடுமுறையில் போவதா? எந்த ஊரில் தங்குவது? வீட்டில் யாருக்கும் இதில் அனுபவம் இல்லை. எனக்கு நீச்சலே தெரியாது. நாகப்பட்டினத்தில் பிறந்தும் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியதில்லை. நான் கரையில் பைகளைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுவேன்.
- பெயர் வேண்டாம், குரோய்டன்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, அக்டோபரில் போங்கள்.

காற்றைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். அந்தத் தீவில் வருடம் முழுவதும் வடகிழக்கிலிருந்து வியாபாரக் காற்று வீசும். நம் ஊர்க் கணக்கில் வாடையும் கொண்டலும் கலந்த திசை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அது உச்சத்தில் இருக்கும். தெற்கே சொத்தாவெந்தோ கடற்கரையில் பாய்மரப் பலகைக்கும், பட்டம் இழுத்துப்போகும் பட்டப் பலகைக்கும் உலக அளவிலான போட்டிகளைக் கோடையில்தான் நடத்துகிறார்கள். காற்றைப் பிடித்து ஓடுகிறவர்களுக்கு அது திருவிழா. எட்டு வயதுப் பையனுக்கு, பறக்கும் மணல் காலில் ஊசியாய்க் குத்துகிற வாரம். நான் முதல் முறை என் பிள்ளைகளோடு போனது ஒரு ஆகஸ்டில். நான்கு நாள் மதியங்களில் துண்டை விரித்து உட்காரக்கூட முடியவில்லை. சின்னவள் அறையை விட்டு வர மாட்டேன் என்று அழுதாள்.

அக்டோபர் கடைசியில் அந்தக் காற்று பொதுவாகத் தணிந்திருக்கும். கோடை முழுக்க வெயில் குடித்த கடல் 22, 23 டிகிரி வரை இருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் 18, 19தான். ஒரு குறை உண்டு. வட அட்லாண்டிக்கின் குளிர்காலப் பேரலைகள் அப்போதுதான் வரத் தொடங்கும். ஆறேழு நாளில் ஒன்றிரண்டு நாள் கடல் உங்களுக்கு ஆகாததாக இருக்கலாம். அந்த நாள்களை விட்டுவிடும்படியே திட்டம் போடுங்கள்.

ஆகஸ்டைத் தவிர வழியில்லை என்றால், காலை வகுப்பாகக் கேட்டு வாங்குங்கள். வெயில் ஏறித் தரை சூடாகச் சூடாகக் காற்றும் வலுக்கும்.

தங்குவதற்கு வடக்கே கொர்ராலேஹோ. விமான நிலையத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். சர்ஃபிங் பள்ளிகள் நிறைய இருக்கின்றன. அன்றன்று காற்றையும் அலையையும் பார்த்து, எந்தக் கடற்கரை சரி என்று முடிவு செய்து வேனில் கூட்டிப்போவார்கள். புதியவர்கள் ஒரு கடற்கரையை நம்பி விடுதி எடுக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். சில நாள் ஊருக்குத் தெற்கே மணல்மேடுகளை ஒட்டிய கரை சரியாக இருக்கும், சில நாள் 20 கிலோமீட்டர் தள்ளி மேற்குக் கரையில் உள்ள எல் கொத்தியோ. இந்த இரண்டு ஊருக்கும் நடுவே வடகரையோரம் ஒரு மண் பாதை போகிறது. அங்கே அலை அழகாக உருண்டு வருவதைப் பார்த்து உங்கள் கணவருக்கு ஆசை வரும். அடியில் இருப்பது எரிமலைப் பாறை. கைதேர்ந்தவர்களுக்கான இடம் அது, பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

எல் கொத்தியோ பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தீவின் மேற்குப் பக்கம் என்பதால் வடகிழக்குக் காற்று அங்கே தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். நம் மீனவர்கள் சொல்லும் கரைக்காற்று. அது அலையின் முகத்தைச் சீவிவிட்டது போல வழவழப்பாக்கும், அதனால் சர்ஃபிங் ஆட்களுக்குப் பிடிக்கும். ஆனால் அதே காற்று, மிதக்கிற எதையும் வெளியே தள்ளிக்கொண்டு போகும். கரையோரம் தண்ணீர் சாதுவாகத்தான் தெரியும். காற்றடைத்த வாத்து, மெத்தை, வளையம் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். கடலில் போன பந்தைத் துரத்த வேண்டாம் என்று பிள்ளைகளிடம் வீட்டிலேயே சொல்லிவையுங்கள்.

அலை பெரிதாக இருக்கும் நாளில் அந்தக் கரையில் ஆளைக் கடலுக்குள் இழுத்துப்போகும் நீரோட்டமும் வலுக்கும். இரண்டு பக்கமும் வெள்ளை நுரை இருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் அலை உடையாமல் கறுத்து அமைதியாகத் தெரிந்தால், அதுதான் ஆபத்தான இடம். இதைப் பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்லி முதல் நாளே பயிற்சியாளரிடம் கேளுங்கள். மாட்டிக்கொண்டால் பலகையை விடாமல் பிடித்துக்கொண்டு ஒரு கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். கரையைப் பார்த்து நீந்திக் களைத்துப்போகக் கூடாது. சிவப்புக் கொடி என்றால் தண்ணீர் பக்கமே வேண்டாம்.

பள்ளியிடம் இரண்டு கேள்விகள் போதும். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? எட்டுக்கு மேல் என்றால் வேறு இடம் பாருங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்குத் தனிக் குழு உண்டா? பெரியவர்களோடு சேர்த்து விட்டால் பாதி நேரம் காத்துக்கிடந்தே அவன் நடுங்கிப்போவான். பலகையும், குளிர் தாங்கும் ரப்பர் உடையான வெட்சூட்டும் அவர்களே தருவார்கள். பலகை மேல்பக்கம் மெத்தென்ற ஃபோம் பலகையாக இருக்கட்டும். அக்டோபருக்கு 3/2 தடிமன் வெட்சூட் (உடம்புக்கு 3 மில்லிமீட்டர், கை காலுக்கு 2) சரியாக இருக்கும். முதல் நாள்களில் இடுப்பளவுத் தண்ணீரில், உடைந்து வரும் நுரையில்தான் கற்றுத்தருவார்கள்.

அப்புறம் வெயில். காற்று குளுகுளுவென்று இருப்பதால் தோல் எரிவது மாலையில்தான் தெரியும். முகத்துக்கு வெயிலைத் தடுக்கும் ஜிங்க் களிம்பு தடவுங்கள், கழுத்தில் கட்டும் நாடா வைத்த தொப்பி வாங்குங்கள். பயணக் காப்பீட்டில் சர்ஃபிங் அடங்குமா என்று பாருங்கள், ஐரோப்பாவில் அரசு மருத்துவ உதவி பெற பிரிட்டன் தரும் ஜிஹெச்ஐசி அட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு நாளில் நான்கு நாள் வகுப்பு போதும். அதற்கு மேல் தோளும் விலாவும் தாங்காது. மீதி நாளில் லஹாரெஸ் ஊருக்குப் பக்கத்தில் கல்தெரோன் ஓந்தோ என்ற பழைய எரிமலை வாய் வரை நடக்கலாம், உங்கள் மகன் தாராளமாக ஏறுவான். கொர்ராலேஹோவிலிருந்து படகில் கால் மணி நேரத்தில் லோபோஸ் என்ற குட்டித் தீவு. அதற்கு முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும்.

இனி உங்களைப் பற்றி. கடிதத்தின் கடைசி வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். கடற்கரை ஊரில் பிறந்த எத்தனையோ பெண்களைப் போல உங்களுக்கும் யாரும் நீச்சல் சொல்லித்தரவில்லை. அது உங்கள் குறை இல்லை. பைகளைப் பார்க்க நீங்கள் வேண்டாம், அவற்றை வேனில் வைத்துப் பூட்டலாம். ஆனால் நீச்சல் தெரியாமல் வகுப்பில் சேரவும் நான் சொல்ல மாட்டேன். அக்டோபருக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. உங்கள் பகுதி நீச்சல் குளத்தில் பெரியவர்களுக்கான தொடக்க வகுப்போ பெண்களுக்கு மட்டுமான நேரமோ இருக்கிறதா என்று இந்த வாரமே விசாரியுங்கள். மல்லாந்து மிதக்கவும், முகம் நனைந்தால் பதறாமல் மூச்சு விடவும், ஐம்பது மீட்டர் நீந்தவும் வந்துவிட்டால், பள்ளியிடம் அதைச் சொல்லி நீங்களும் பெயர் கொடுக்கலாம்.

அந்த அளவு வராவிட்டாலும் எல் கொத்தியோவுக்கு வடக்கே லா கொன்ச்சா என்ற வளைகுடா இருக்கிறது. பாறைத்திட்டு அலையைத் தடுத்துவிடுவதால் உள்ளே தண்ணீர் பெரும்பாலும் குளம் போலக் கிடக்கும். காற்றுக்கு மறைவாக எரிமலைக் கற்களை அரைவட்டமாக அடுக்கி வைத்திருப்பார்கள். போய்ச் சேர்ந்த மறுநாள், வகுப்பு தொடங்கும் முன்பு, நால்வரும் அங்கே போங்கள். கணவர் பக்கத்தில் நிற்க, இடுப்பளவு வரை இறங்குங்கள்.