கேளுங்க வாத்தியாரே: நீண்ட பகலும் சுட்ட தேங்காயும்

கேள்வி: நம் மாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டுச் சுற்றி ஆடுவதைப் போல, ஸ்வீடனிலும் ஜூன் மாதம் ஆடுகிறார்களாமே? சூரிய வழிபாடா அது?
(ஆத்தூர் வாசகி)

பதில்: மகள் உப்சாலாவில் வேலை பார்த்தபோது ஒரு ஜூனில் போய் நேரிலேயே பார்த்தேன், அம்மா. மிட்சொம்மார், அதாவது நடுக்கோடை விழா என்கிறார்கள். பகல் 18 மணி நேரத்துக்கும் மேல். ராத்திரி பத்து மணிக்கு வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம். ஜன்னலில் என் வேட்டியைக் கட்டி இருட்டாக்கிக்கொண்டுதான் தூங்கினேன்.

கம்பத்தைத் தரையில் கிடத்தி இலையும் பூவும் சுற்றுகிறார்கள். குறுக்குக் கட்டையின் இரு முனையிலும் பூவளையம். பிறகு கவைக்கோல்களை முட்டுக்கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துகிறார்கள். பாஷை புரியாவிட்டாலும், 'பிடி, விட்டுடாதே' என்று கத்துவது புரிந்தது! நட்டதும், பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூடத் தவளை மாதிரி குந்திக் குந்தித் துள்ளுகிறார்கள். என் முட்டி இரண்டு சுற்றோடு மறுத்துவிட்டது. ஊறவைத்த மீனின் இனிப்பும் நமக்கு ஒத்துவரவில்லை. சதகுப்பைத் தழை போட்டு வேகவைத்த புது உருளைக்கிழங்குதான் என்னைக் காப்பாற்றியது.

நம் கம்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வைக்கிங் என்ற பழங்காலக் கடலோடிகளின் சடங்கு என்று யாராவது அளந்தால் நம்ப வேண்டாம். இடைக்காலத்தின் கடைசியில் ஜெர்மனியிலிருந்து வந்த வழக்கம். அங்கே அது மே மாதத்துக்குரியது. ஸ்வீடன் குளிரில் மே முதல் தேதிக்குச் சுற்ற இலைக்கு எங்கே போவது? ஜூனுக்குத் தள்ளிக்கொண்டார்கள்.

கேள்வி: நீண்ட பகல் ஜூன் 21 என்கிறார்கள். ஐரோப்பாவில் பல இடங்களில் 23, 24-ல் கொண்டாடுவது ஏன்?
(ஓமலூர் வாசகர்)

பதில்: ரோமானியர்களின் பழைய கணக்கில் ஜூன் 24-தான் அந்த நாள். திருச்சபை அதை யோவான் ஸ்நானகனின் பிறந்தநாளாக்கியது. இயேசுவுக்கு ஆறு மாதம் மூத்தவர் என்பது லூக்கா சுவிசேஷக் கணக்கு. பின்னால் நாள்காட்டியைத் திருத்தியும் விழா நகரவில்லை. டென்மார்க்கில் இன்றும் 23-ஆம் தேதி சாயங்காலம்தான் நெருப்பு மூட்டுகிறார்கள். ஸ்வீடன்காரர்கள் 1953 முதல் ஜூன் 19-க்கும் 25-க்கும் நடுவில் வரும் வெள்ளிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டார்கள். லீவு சேர்ந்து வருமே!

கேள்வி: சூரியன் ஜூனிலேயே தெற்கே திரும்பிவிட்டால், தட்சிணாயனம் ஏன் ஆடி 1-ல் பிறக்கிறது, ஐயா?
(எடப்பாடி மாணவன்)

பதில்: நல்ல கேள்வி தம்பி. நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து மாதம் கணிக்கிறது. பூமியின் அச்சோ தளர்ந்த பம்பரம் போலத் தலையாட்டுகிறது. அதனால் சூரியன் திரும்பும் நாளிலிருந்து நம் ஆடிப்பிறப்பு ஏறக்குறைய 72 வருஷத்துக்கு ஒரு நாள் வழுகும். சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் ஆடிப்பிறப்பும் சூரியன் திரும்புவதும் ஒரே நாள்தான். இப்போது மூன்றரை வார இடைவெளி.

அதற்காக ஆடி 1-ல் தேங்காய் சுடும் வழக்கத்தை ஜூனுக்கு மாற்றச் சொன்னால் எங்கள் சேலத்துத் தெரு ஒப்பாது. நாரைத் திண்ணையில் தேய்த்து வழவழப்பாக்கி, கண்ணைத் துளைத்து, பச்சரிசி, பாசிப்பருப்பு, எள், வெல்லம் திணித்து, அழிஞ்சில் குச்சி செருகி நெருப்பில் காட்டுவோம். ஓடு வெடிக்கிற சத்தம் வந்தால் பக்குவம். முதல் தேங்காய் பிள்ளையாருக்கு.

சூரியன் திரும்புவதைப் பார்க்க ஆசையா? ஜூன் 21 மதியம் 12.20 வாக்கில் ஒரு மீட்டர் குச்சியை நேராக நடு. நிழல் தெற்கே, ஒரு சாண் நீளத்துக்கு விழும். அன்றைக்கு மேகம் போட்டால் மறுநாள் பார். நிழலில் ஒரு நூல்கூட வித்தியாசம் தெரியாது.