வடைக்கு என்ன வேண்டும்?

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது, யுகேஜி படிக்கிறாள். பாட்டி வடை சுட்ட கதையை மணி மணியாகச் சொல்வாள். ஆனால் பள்ளியில் ‘கதாபாத்திரங்கள் யார் யார்?’ என்று கேட்டதற்கு ‘காக்கா, நரி, வடை, மரம்’ என்றிருக்கிறாள். பாட்டியை விட்டுவிட்டாள். ‘புரிந்துகொள்ளும் திறன் குறைவு’ என்று டீச்சர் டைரியில் எழுதி அனுப்பினார். தினமும் ராத்திரி கதை சொல்லிக் கேள்வி கேட்டுப் பழக்குகிறேன். இப்போது கதை என்றாலே ஓடிவிடுகிறாள். என்ன செய்வது?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முதலில் அந்த ராத்திரிக் கேள்விகளை இன்றோடு நிறுத்திவிடுங்கள். கதை சொல்லுங்கள், கட்டிக்கொண்டு தூங்குங்கள். ஒரு வாரம் அவ்வளவுதான்.

முழுக் கதையையும் திருப்பிச் சொல்லும் குழந்தைக்குக் கதை புரியவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. புரியாதது அந்தச் சொல். ‘பாத்திரம்’ என்றால் அவளுக்குத் தெரிந்தது சமையலறையில் இருப்பது. அப்புறம் நம் மொழியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. காக்கா பறந்துச்சு, நரி வந்துச்சு, வடை விழுந்துச்சு: மூன்றுக்கும் ஒரே முடிவு. பறவையும் விலங்கும் பொருளும் நமக்கு அஃறிணை. காதில் விழும் வாக்கியத்தை வைத்துப் பார்த்தால் காக்காவும் வடையும் அவளுக்கு ஒரே வரிசை. பாட்டியோ கதை தொடங்கியதும் காணாமல் போய்விடுகிறார். ஐந்து வயதுக்கு அவள் சொன்னது நியாயமான பதில்.

அதனால் கேள்வியை மாற்றுங்கள். ‘யாருக்கு என்ன வேணும்?’ என்று கேளுங்கள். காக்காவுக்குப் பசி, வடை வேண்டும். நரிக்கும் அதே வடை வேண்டும். பாட்டிக்கு வடை விற்க வேண்டும். சரி, வடைக்கு என்ன வேண்டும்? மரத்துக்கு? இங்கே குழந்தை கொஞ்சம் யோசிக்கும். அந்த யோசனைக்கு நேரம் கொடுங்கள், நீங்களே பதிலை எடுத்துக் கொடுக்காதீர்கள். ஆசையும் பயமும் கோபமும் யாருக்கு இருக்கிறதோ அவர்கள்தான் கதையின் ஆட்கள் என்பது அவளுக்கே பிடிபடும். ‘வடைக்கு ஓடிப்போகணும்’ என்று சொன்னாலும் மறுக்காதீர்கள். அப்படி ஒரு கதையை இருவரும் சேர்ந்து கட்டுங்கள். அந்தக் கதையில் வடையும் ஓர் ஆள்தான்.

விட்டுப்போன பாட்டியைக் கொண்டுவர இன்னொரு வழி: ‘பாட்டி அன்னைக்கு ஊருக்குப் போயிட்டாங்கன்னா?’ வடை இல்லை, கதையும் இல்லை. இப்படி ஒவ்வொருவராக எடுத்துப் பார்க்கும்போது யார் முக்கியம், யார் சும்மா வந்து போகிறார் என்பதும் தெரிந்துவிடும்.

இந்தக் கதையில் இன்னொரு நல்ல விஷயம் இருக்கிறது. நரி எதற்காகப் பாடச் சொல்கிறது என்பது நமக்குத் தெரியும், காக்காவுக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பது குழந்தைக்குப் பிறவியிலேயே வரும் அறிவு இல்லை. 1983-ல் விம்மர், பெர்னர் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு பையன் சாக்லேட்டை ஓரிடத்தில் வைத்துவிட்டுப் போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதை வேறிடத்துக்கு மாற்றிவிடுகிறார். திரும்பி வந்தால் எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் புது இடத்தைத்தான் காட்டினார்கள். நான்கு வயதுக்கு மேல்தான் மெல்ல மெல்லச் சரியான பதில் வரத் தொடங்கியது. உங்கள் மகள் இப்போதுதான் அந்தப் படியில் ஏறிக்கொண்டிருக்கிறாள். ‘நரி மனசுல என்ன நினைக்குது? அது காக்காவுக்குத் தெரியுமா?’ என்று கதைக்கு நடுவே ஒரே ஒருமுறை கேளுங்கள். ஒர்க்‌ஷீட்டில் பெயர்களை வட்டமிடுவதைவிட இது எவ்வளவோ பெரிய வேலை.

காக்கா பாடுவதற்கு முன் வடையைக் காலடியில் வைத்துக்கொள்ளும் கதையையும் சொல்லுங்கள். அதே மரம், அதே நரி, ஆனால் காக்கா வேறு. ‘எந்தக் காக்கா உனக்குப் பிடிச்சிருக்கு?’ என்று கேட்டால், அவள் சொல்லும் காரணம்தான் குணம் பற்றிய முதல் பாடம்.

புத்தகத்திலிருந்து வாசிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ‘காட்டுக்குப் போனான், விறகு வெட்டினான், திரும்பினான்’ என்று தமிழில் ஆளின் பெயரைச் சொல்லாமலே வாக்கியம் ஓடும். இரண்டு அண்ணன் தம்பி இருக்கும் கதையில் போனது யார் என்று குழந்தை தவறவிட்டுவிடும். அந்த இடத்தில் பெயரைச் சேர்த்துச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு குரலும் கொடுங்கள். கேட்ட குரலை வைத்தே ‘இது பெரியவன்’ என்று கண்டுபிடித்துவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப் போங்கள். குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. புத்தகத்தை அவளே எடுக்கட்டும். படங்களைப் பார்த்து, யாருக்கு என்ன வேண்டும் என்று இந்தமுறை அவள் உங்களுக்குச் சொல்லட்டும்.

டீச்சரிடம் சண்டை வேண்டாம். அவள் வீட்டில் கதை சொல்வதை போனில் இரண்டு நிமிடம் பதிவு செய்து காட்டுங்கள். ‘கதாபாத்திரம் என்பதற்குப் பதில், கதையில யாரெல்லாம் வர்றாங்க, அவங்களுக்கு என்ன வேணும்னு கேட்டுப் பாருங்க மேடம்’ என்று பணிவாகச் சொல்லுங்கள். டைரியில் எழுதியதை மட்டும் அவள் காதுபட யாரிடமும் சொல்லாதீர்கள்.