பெயரை மறைத்துவிட்டு மதிப்பெண் போடுங்கள்

ஒயின் குறித்த வாசகர் கேள்விகளுக்கு, பாரிஸில் ஒயின் கடை நடத்திவரும் புதுச்சேரிப் பெண்மணி இந்த இதழில் பதிலளிக்கிறார்.

கேள்வி: விமான நிலையக் கடையில் ஓர் ஒயின் பாட்டிலின் கழுத்தில் ‘92’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். இது யார் போட்ட மதிப்பெண்? 92 என்றால் உயர்ந்த தரமா?
— ஆர்.கே., திருச்சி

ஒயினுக்கு 100க்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் வழக்கத்தை உலகெங்கும் பரப்பியவர் ராபர்ட் பார்க்கர் என்ற அமெரிக்கர். வழக்கறிஞராக இருந்தவர், 1978இல் ‘ஒயின் அட்வகேட்’ என்ற செய்திமடலைத் தொடங்கினார். அவருடைய முறையில் எந்த ஒயினுக்கும் முதலிலேயே 50 கிடைத்துவிடும். மீதி 50இல் நிறத்துக்கு 5, மணத்துக்கு 15, சுவைக்கும் அது வாயில் தங்கும் நேரத்துக்கும் 20, ஒட்டுமொத்தத் தரத்துக்கும் இனிமேல் வளரும் வாய்ப்புக்கும் 10. ஆகவே 92ஐப் பள்ளிக்கூட மதிப்பெண் போலப் படிக்காதீர்கள். ஸ்டிக்கர் ஒட்டி விற்கப்படும் ஒயின்களைப் பார்த்தால் பெரும்பாலும் 90க்கும் 95க்கும் நடுவில்தான் நெருக்கியடித்து நிற்கும். 85 வாங்கிய ஒயினுக்கு யார் ஸ்டிக்கர் ஒட்டப்போகிறார்கள்?

பிரிட்டனின் ஒயின் விமர்சகர் ஜான்சிஸ் ராபின்சன் 20க்குத்தான் போடுகிறார். நானும் அந்தக் கட்சி. தோற்றத்துக்கு 2, மணத்துக்கு 6, வாய்ச்சுவைக்கு 6, விழுங்கிய பின்னோ துப்பிய பின்னோ நிற்கும் சுவைக்கு 3, எல்லாம் சேர்ந்து இசைந்திருக்கிறதா என்பதற்கு 3 என்று என் நோட்டில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

அந்தப் பாட்டிலை மறுபடி பார்த்தால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். மதிப்பெண் போட்டவர் பெயர் இருக்கிறதா? எந்த விளைச்சல் ஆண்டுக்குப் போட்டது? பாட்டிலில் இருக்கும் ஆண்டும் அதுவும் ஒன்றுதானா? ஏன் 92 என்று இரண்டு வரியாவது எழுதாமல் வெறும் எண்ணை மட்டும் நீட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை. எண் ஒருவருடைய முடிவு. அதற்கான காரணத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமை காசு கொடுப்பவருக்கு உண்டு.

கேள்வி: அக்கா, நண்பர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து வீட்டிலேயே ஒயின் சுவைத்துப் பார்த்து மதிப்பெண் போடலாம் என்று இருக்கிறோம். எங்களில் யாருக்கும் பெரிய அனுபவம் இல்லை. எப்படித் தொடங்குவது?
— எஸ்.பி., லண்டன்

நல்ல காரியம் தம்பி. ஒரே ஒரு திராட்சை ரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரை மட்டும் மாற்றுங்கள். ரகமும் மாறி ஊரும் மாறினால் எது எதனால் என்று பிரித்தறியத் தொடக்கத்தில் இயலாது.

என் யோசனை சிரா. பிரான்ஸில் ரோன் நதிப் பள்ளத்தாக்கின் வடபகுதியிலிருந்து ஒரு குரோஸ்-எர்மித்தாஜ் வாங்குங்கள். தென் ஆஸ்திரேலியாவின் பரோசாவிலிருந்து ஒன்று. அங்கே இதே திராட்சைக்கு ஷிராஸ் என்று பெயர். மூன்றாவதாக, கிடைத்தால், நம் நாசிக் ஷிராஸ். ரோனில் கோடை மிதமானது. ஒயின் ஒடிசலாக, மிளகு மணத்தோடு வரும். பரோசாவில் வெயில் கொளுத்தும். பழம் நன்றாகக் கனிந்து சர்க்கரை ஏறி, ஆல்கஹால் 14.5 சதவீதம் வரை போய், ஜாம் போன்ற கனம் கிடைக்கும். பரோசா பள்ளத்தாக்கில் 1843இல் நட்ட கொடிகள் இன்றும் காய்க்கின்றன. ஐரோப்பியத் தோட்டங்களை 19ஆம் நூற்றாண்டில் அழித்த ஃபைலாக்சரா என்ற வேர்ப்பூச்சி தென் ஆஸ்திரேலியாவை எட்டவே இல்லை. நாசிக்கில் மழைக்காலம் முடியும்போது கவாத்து செய்து, ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை செய்கிறார்கள். அதாவது குளிர்காலத்தில் பழுக்கும் திராட்சை.

இனி அன்றைய மாலை. ஊதுபத்தி ஏற்ற வேண்டாம். சென்ட் வேண்டாம், தலையில் மல்லிகைப்பூவும் வேண்டாம். சமையலறையில் தாளிப்பு முடிந்து ஒரு மணி நேரமாவது போகட்டும். சுவைக்காத ஒருவரிடம் பாட்டில்களைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் காகிதப் பையில் போட்டுக் கழுத்தில் ரப்பர் பேண்ட் சுற்றி, 1, 2, 3 என்று எழுதச் சொல்லுங்கள். மூடி, தக்கை, ஈயத்தாள் எல்லாவற்றையும் அவரே அப்புறப்படுத்தட்டும். தக்கையில் அச்சடித்த பெயரைப் பார்த்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. கோப்பைகள் ஒரே அளவில், வாய் சற்றுக் குறுகியதாக இருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். சிவப்பு ஒயினை 16 முதல் 18 டிகிரியில் வையுங்கள். ஹீட்டர் போட்ட அறையில் வெளியே வைத்தால் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும்.

கோப்பையை வெள்ளைக் காகிதத்துக்கு மேலே சாய்த்து விளிம்பின் நிறத்தைப் பாருங்கள். ஊதா என்றால் இளமை, செங்கல் நிறம் என்றால் வயதாகிறது. ஆட்டாமல் ஒரு முறை முகருங்கள். பிறகு சுழற்றி இன்னொரு முறை. இரண்டும் வேறாக இருக்கும், இரண்டையும் எழுதுங்கள். ஒரு வாய் எடுத்து, நாக்கின் எல்லாப் பக்கமும் படும்படி உருட்டி, உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உள்ளே இழுங்கள். ஈறு வறண்டு பிடிக்கிறதா? அதுதான் டானின், எச்சிலில் இருக்கும் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வழுவழுப்பை எடுத்துவிடும் துவர்ப்பு. வாயின் ஓரங்களில் எச்சில் ஊறுகிறதா? அது புளிப்பு. பிறகு துப்புங்கள். ஆளுக்கொரு டம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் கூச்சம் இருக்காது. தொழில்முறைச் சுவைஞர்கள் எல்லோரும் துப்புகிறார்கள். துப்பாதவரின் மூன்றாவது மதிப்பெண்ணை நான் கணக்கிலேயே எடுக்க மாட்டேன்.

எல்லோரும் எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது. ஒருவர் ‘ஆகா, சாக்லேட்!’ என்று சொல்லிவிட்டால் மற்ற ஐந்து மூக்கும் சாக்லேட்டைத் தேடத் தொடங்கிவிடும். மதிப்பெண் எழுதிய பிறகு வரிசையைத் தலைகீழாக்கி, 3, 2, 1 என்று மறுபடி சுவையுங்கள். உங்கள் எண்கள் எவ்வளவு நகர்கின்றன என்று பார்த்துவிட்டு, அதன் பின் பைகளைக் கழற்றுங்கள்.

கேள்வி: வெள்ளை ஒயினில் சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தபோது, ஒயின் படித்தவர்களே அதைச் சிவப்பு ஒயின் என்று வர்ணித்தார்களாமே? அப்படியானால் இந்த மதிப்பெண் எல்லாமே ஏமாற்று வேலைதானே?
— வி.என்., கோயம்புத்தூர்

ஆய்வு நடந்தது உண்மை. பிரான்ஸின் போர்தோவில் ஒயின் இயல் படித்த 54 மாணவர்களிடம் நடத்தினார்கள், 2001இல் வெளிவந்தது. முதலில் ஒரு வெள்ளை ஒயினையும் ஒரு சிவப்பு ஒயினையும் தந்து மணங்களை விவரிக்கச் சொன்னார்கள். பிறகு அதே வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். மாணவர்கள் அதற்குச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களையே எழுதினார்கள்.

இன்னொன்றையும் சொல்கிறேன். கலிபோர்னியா மாநிலக் கண்காட்சியின் ஒயின் போட்டியில் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்பவர் நடுவர்களுக்கு ஒரே பாட்டிலிலிருந்து மூன்று முறை, அவர்கள் அறியாமல், ஊற்றிக்கொடுத்துப் பார்த்தார். மூன்று முறையும் ஒரே பதக்கத் தரத்துக்குள் மதிப்பெண் போட்டவர்கள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர்தான். 2008இல் அந்த முடிவுகளை வெளியிட்டார்.

இதைப் படித்துவிட்டு ‘எல்லாம் பொய்’ என்று கையை உதறுவது எனக்குச் சம்மதமில்லை. கண் சொன்னதை மூக்கு கேட்கும் என்று தெரிந்துவிட்டது. ஆகவே கண்ணை மறைக்க வேண்டும். ஒரு முறை போட்ட மதிப்பெண் ஆடும் என்று தெரிந்துவிட்டது. ஆகவே திரும்பச் சுவைக்க வேண்டும், பலர் சுவைக்க வேண்டும். இந்தப் பாடுகளைப் படாமல், தோட்டத்து உரிமையாளர் பக்கத்தில் நின்று கதை சொல்லச் சொல்லக் குடித்துவிட்டு 96 போடுகிறார்களே, அதுதான் எனக்குக் கோபம் மூட்டுகிறது.

மறைத்துச் சுவைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு என் ஊரான பாரிஸிலேயே சாட்சி இருக்கிறது. 1976 மே 24 அன்று, இங்கே ஒயின் கடை வைத்திருந்த ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர் ஒரு சுவைப் போட்டி நடத்தினார். பிரெஞ்சு நடுவர்கள் ஒன்பது பேர் 20க்கு மதிப்பெண் போட்டார்கள். பிரான்ஸின் பர்கண்டி வெள்ளைகளோடு கலிபோர்னியாவின் ஷார்தொனே என்ற வெள்ளை ரகம், போர்தோ சிவப்புகளோடு கலிபோர்னியாவின் கபெர்னே சொவிஞ்ஞோன் என்ற சிவப்பு ரகம். எதிலும் பெயர் தெரியாது. வெள்ளையில் முதலிடம் ஷாத்தோ மோன்டலீனா 1973. சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் 1973. இரண்டுமே கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கு. போர்தோவின் புகழ்பெற்ற மூத்தோன் ரோட்ஷீல்டும் ஓ-பிரியோனும் பின்னால் நின்றன. நாபாவின் ஒயினைச் சுவைத்துவிட்டு ‘இதோ பிரான்ஸ்’ என்ற பொருளில் ஒரு நடுவர் மகிழ்ந்ததை, அங்கிருந்த ‘டைம்’ இதழின் நிருபர் பதிவு செய்திருக்கிறார். அந்த நடுவர்கள் திறமையற்றவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. பெயர் மறைந்ததும் அவர்களுடைய திறமை ஒயினை மட்டும் பார்த்தது.

கேள்வி: மோசெல் ரீஸ்லிங்கையும் நாபா கபெர்னேவையும் ஒரே அளவுகோலால் அளக்கலாமா? எங்கள் குழுவில் ரீஸ்லிங் எப்போதும் கடைசியில்தான் வருகிறது.
— எம்.டி., பிராங்க்ஃபர்ட்

ஜெர்மனியின் மோசெல் ரீஸ்லிங் லேசான வெள்ளை ஒயின். கனமான ஒயின்களோடு ஒரே வரிசையில் வைத்தால் அது தோற்கத்தான் செய்யும். கபெர்னேயின் டானின் வாயைப் பிடித்த பிறகு 8, 9 சதவீத ஆல்கஹால் உள்ள, காபினெட் என்ற லேசான வகை ரீஸ்லிங் தண்ணீராகத் தெரியும். பெரிய போட்டிகளிலும் இதே கதைதான்: சுவைக்க வேண்டியவை ஏராளம் என்னும்போது நிறமும் ஓக் மரப்பீப்பாயின் மணமும் ஆல்கஹாலும் உள்ளவை உரக்கப் பேசி மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு போகின்றன.

ரீஸ்லிங்கை ரீஸ்லிங்குகளோடு மட்டும் உட்கார வையுங்கள். மோசெல்லுக்குப் பக்கத்தில் பிரான்ஸின் அல்சாஸ், ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு. அப்போது மோசெல்லின் அருமை தெரியும்: இனிப்பு இருக்கும், ஆனால் திகட்டாது, புளிப்பு அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும். கற்பலகைப் பாறைச் சரிவுகளில், ஆள் நிற்கவே சிரமப்படும் செங்குத்தில், கையால் பறிக்கும் திராட்சை அது. என் கடையில் நான் மனதார எடுத்து நீட்டும் பாட்டில்களில் மோசெல்லுக்கு எப்போதும் இடம் உண்டு.

கேள்வி: ஒயின் குறிப்புகளில் பிளாக்கரன்ட், கூஸ்பெர்ரி என்றெல்லாம் வருகிறது. நான் அவற்றைச் சாப்பிட்டதே இல்லை. எனக்கு ஒயின் சுவைக்கத் தகுதி இல்லையா?
— கே.எல்., சிங்கப்பூர்

உங்கள் சமையலறையில் இருப்பதை எழுதுங்கள். சிராவில் வரும் மிளகு மணம் கற்பனை கிடையாது. மிளகில் இருக்கும் ரோட்டண்டோன் என்ற பொருளே அந்த ஒயினிலும் இருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்து 2008இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அந்த மணம் சுத்தமாகத் தெரியாது என்பதும் அதே ஆய்வில் வந்தது. இரண்டு பேர் ஒரே சிராவுக்கு 13, 17 என்று போட்டுவிட்டுச் சண்டையிடும்போது இதை நினைத்துக்கொள்வேன். மஸ்கட் ரகத்தின் மணத்துக்குக் காரணமான லினலூல் நம் கொத்தமல்லி விதையிலும் நிறைய உண்டு. நியூசிலாந்தின் மார்ல்பரோ சொவிஞ்ஞோன் பிளானில் கொய்யா மணக்கும், குடைமிளகாயும் மணக்கும். அமெரிக்க ஓக் பீப்பாயில் வைத்த ஸ்பெயினின் ரியோஹா ஒயினில் தேங்காய் வரும். கபெர்னேவுக்கு நாவல்பழம் என்று எழுதுங்கள். பழத்தின் கருமையும் அந்தத் துவர்ப்பும் அதில் அடங்கிவிடும். பிறர் குறிப்பிலிருந்து கடன் வாங்கிய பழத்தின் பெயர் அடுத்த மாதம் உங்களுக்கு எதையும் நினைவூட்டாது.

கேள்வி: தினமும் ஒரு கோப்பை சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்கிறார்களே?
— ஜி.எஸ்., மதுரை

மருந்தென்று எண்ணி ஒரு சொட்டும் குடிக்காதீர்கள். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. குடிக்காதவர்கள் இதற்காகத் தொடங்க வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் கம்பம் பன்னீர் திராட்சையில் பிரான்ஸ் தரத்துக்கு ஒயின் செய்ய முடியுமா?
— பி.ஆர்., உத்தமபாளையம்

உங்கள் பன்னீர் திராட்சை இங்கே எனக்கு அந்நியமில்லை. அது மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். தெற்கு பிரான்ஸின் வான்து மலையடிவாரத்தில் இதையே பயிரிடுகிறார்கள். ‘மஸ்கா து வான்து’ என்று புவிசார் பெயரோடு விற்கிறார்கள். ஒயினுக்காக அல்ல, பழமாகச் சாப்பிட. இலையுதிர் காலத்தில் சந்தைக்கு வரும் பெட்டியைத் திறந்தால் கம்பம் சாலையோரக் கடையின் மணம்தான். உங்கள் ஊர்த் திராட்சைக்கும் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

ஒயினுக்கு இடைஞ்சல் புளிப்பில் இருக்கிறது. வெப்பத்தில் பழுக்கும் திராட்சை தன்னிடமுள்ள, புளிப்பு தரும் மாலிக் அமிலத்தை வேகமாகச் செலவழித்துவிடும். கம்பத்தில் கொடிக்குக் குளிர்கால உறக்கமும் இல்லை. ஆண்டு முழுவதும் காய்க்கிறது. வணிகத்துக்கு அது வரம். ஆனால் கனம் மிக்க, பல ஆண்டு வைத்திருக்கத்தக்க சிவப்பு ஒயினை இந்த ரகத்திடம் கேட்பது நியாயமில்லை. சற்று முன்னதாகவே பறித்து, குளிர்ந்த நிலையில் நொதிக்கவைத்து, இளஞ்சிவப்பில் லேசான இனிப்போடு, அந்த ஆண்டே குடித்து முடிக்கும் ஒயினாகச் செய்தால் மணம் முழுவதும் கோப்பைக்கு வரும். அப்படி ஒன்று என் மேசைக்கு வந்தால் இத்தாலியின் இனிப்பு மஸ்கட்டுகளோடு பையில் மூடி வைத்து மதிப்பிடுவேன். போர்தோவோடு வைக்க மாட்டேன்.

கேள்வி: விலை உயர்ந்த ஒரு பாட்டிலைத் திறந்ததும் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தது. ‘பழைய ஒயின் இப்படித்தான் இருக்கும்’ என்று விருந்தினர் சொன்னார். அதற்கும் மதிப்பெண் போட வேண்டுமா?
— டி.ஏ., டொராண்டோ

போடாதீர்கள், அது தக்கை கெட்ட பாட்டில். டிசிஏ என்ற பொருள் தக்கையிலிருந்து ஒயினில் இறங்கிவிடுகிறது. ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்ததில் சில பங்கு ஒரு லிட்டரில் இருந்தாலே பழ மணம் முழுவதையும் அமுக்கிவிடும். வயதான ஒயினில் காய்ந்த இலை, காளான், தோல் மணங்கள் வரலாம். ஈர அட்டை வாசனைக்கும் வயதுக்கும் தொடர்பில்லை. காற்றாட வைத்தாலும் தெளியாது, கூடத்தான் செய்யும். கிளேர் பள்ளத்தாக்கின் ரீஸ்லிங் தயாரிப்பாளர்கள் பலர் 2000ஆம் ஆண்டு விளைச்சலிலிருந்து திருகுமூடிக்கு மாறியதற்கு இந்தத் தொல்லையே முக்கியக் காரணம்.

பாட்டிலைக் கொட்டிவிடாதீர்கள். தக்கையை மறுபடி செருகி, ரசீதோடு வாங்கிய கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் முகர்ந்து பார்க்கும் அளவுக்காவது ஒயின் உள்ளே இருக்க வேண்டும். நல்ல கடையாக இருந்தால் முகர்ந்த உடனேயே வேறு பாட்டில் எடுத்துத் தருவார்கள்.