ஈயக்குட்டையில் மடிப்புப் படகு: தூண்டில்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

கோலாலம்பூரைச் சுற்றியுள்ள ஈயக்குட்டைகளிலும் (பழைய ஈயச் சுரங்கக் குழிகளில் நீர் நிறைந்தவை) சிற்றேரிகளிலும் மடிப்புப் படகில் சென்று தூண்டில் போடுவது குறித்து நண்பர்கள் பலர் கேள்வி அனுப்பியிருந்தார்கள். பதினான்கு ஆண்டுகளாக இவ்வகைப் படகைக் காரின் கூரையில் கட்டிக்கொண்டு அலைந்தவன் என்ற முறையில், பட்டறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

கேள்வி (செராஸ்): ஐயா, நான் அடுக்குமாடியில் பதினோராவது மாடியில் குடியிருக்கிறேன், வைத்திருப்பது மைவி கார். காற்றடைக்கும் படகு வாங்குவதா, மடிப்புப் படகு வாங்குவதா?

பதில்: பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் மின்தூக்கியை அளந்து பாருங்கள், தம்பி. பாலிபுரோப்பிலீன் தகட்டால் ஆன மடிப்புப் படகு, மடித்தால் 10 சென்டிமீட்டர் தடிமனுக்கு ஒடுங்கி ஒரு கதவுப் பலகையைப் போல ஆகிவிடும். ஆனால் அதன் நீளம் குறையாது. 3 மீட்டர் பலகை பெரும்பாலான அடுக்குமாடி மின்தூக்கிகளுக்குள் நுழையாது. உடற்பகுதி மட்டுமே ஏறக்குறைய 30 கிலோ இருக்கும் என்பதால், பதினோரு மாடிக்குப் படியில் சுமப்பது நடவாத காரியம். தரைவீட்டில் இருக்கும் உறவினர் யாராவது சுவரோரம் சாய்த்து வைத்துக்கொள்ள இடம் தருவாரானால் தயங்காமல் மடிப்புப் படகையே வாங்குங்கள். அந்த வசதி இல்லையென்றால், நெளிதகட்டை மடித்துப் பெட்டியாக்கும் ஒற்றையாள் கயாக் ஒன்றைப் பாருங்கள். அது காரின் பின்புறத்திலேயே அடங்கும்.

காற்றடைக்கும் படகை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நம் குட்டைகளில் நீருக்கடியில் பட்ட மரக்கட்டைகளும் பழைய இரும்புக் கம்பிகளும் கிடக்கின்றன. படகுக்குள்ளோ கூரிய தூண்டில் முட்களைக் கையாளுகிறோம். பாலிபுரோப்பிலீன் கீறல் விழுந்தாலும் மிதக்கும் பொருள். மடித்து விரிக்கும் படகு என்பது புதுமையும் அன்று. 1912இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலிலேயே பக்கங்களை மடக்கக்கூடிய உயிர்காப்புப் படகுகள் நான்கு இருந்தன.

கேள்வி (பூச்சோங்): ஈயக்குட்டை ஆளை விழுங்கும் என்று சொல்லி அம்மா என்னைப் போகவிடுவதில்லை. அண்ணன் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: உங்கள் அம்மா சொல்வது உண்மை, அந்த அச்சத்தை மதித்துத்தான் நானும் தண்ணீரில் இறங்குகிறேன். இயற்கையான ஏரியில் கரை மெல்ல மெல்லச் சரியும். ஈயக்குட்டையோ மனிதர் தோண்டிய குழி. நீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்து, அந்தக் கரைசலைச் சரளைப் பம்பால் உறிஞ்சி, பாலோங் என்னும் உயரமான மரச்சரிவில் ஓடவிட்டு வெள்ளீயத்தைப் பிரித்தார்கள். (ஈயக்குட்டை என்ற பெயரில் உள்ள ஈயம் வெள்ளீயமே, காரீயம் அன்று.) 1985இல் உலகச் சந்தையில் விலை சரிந்தபின் சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன, பம்புகள் நின்றதும் குழிகளில் நீர் நிறைந்தது. சுங்கை பீசிப் பக்கத்தில் உள்ள மைன்ஸ் ஏரியும் ஈயச் சுரங்கக் குழியில் நீர் நிறைந்து உண்டானதுதான். ஆகவே முதல் எட்டில் கணுக்கால், இரண்டாம் எட்டில் இடுப்பு, மூன்றாம் எட்டில் நிலைகொள்ளாத ஆழம் என்பது இங்கே சாதாரணம்.

அதைவிட மோசமானது கழிவுச் சேறு. பல ஆண்டுகளுக்கு முன் ரவாங் பக்கத்துக் குட்டை ஒன்றில், காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்த தரையைக் கெட்டியான மண் என்று நம்பிக் கால் வைத்தேன். மேலே இரண்டு விரற்கடை அளவுக்குத்தான் ஓடு இருந்தது. அதன் கீழே சாம்பல் நிறக் களி, கஞ்சிப் பசையைப் போல வழவழவென்று இருந்தது. இடக்கால் தொடைவரை இறங்கியது. வலக்காலை ஊன்றி எழ முயன்றபோது அதுவும் இறங்கியது. கையில் இருந்த படகை அப்படியே தரையில் பரப்பி, அதன்மேல் மார்பைக் கிடத்தி, ஒவ்வொரு காலாக மெதுவாக ஆட்டி ஆட்டி வெளியே எடுக்கக் கால்மணி நேரம் ஆயிற்று. அன்று நான் தனியாகப் போயிருந்தேன். அதன்பின் தனியாகப் போவதில்லை.

படகை இறக்கும் இடத்தைத் துடுப்பால் குத்திப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சாம்பல் நிறக் களியைத் தவிர்த்து, மணலும் சரளையும் உள்ள கரையை நாடுங்கள். படகின் முன்பாதியை நீரில் தள்ளி, பின்பாதி கரையில் இருக்கும்போதே உள்ளே உட்கார்ந்துகொண்டு துடுப்பால் உந்திப் புறப்படுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு ஏறாதீர்கள். உயிர்காப்பு அங்கியைக் கரையிலேயே அணிந்துவிட வேண்டும். மிதப்புவிசை 50 நியூட்டன் என்று குறித்திருப்பது நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கு உரியது. அமைதியான நீரில் மயங்கியவரையும் முகம் மேலே இருக்கும்படி திருப்பக்கூடியது 100 நியூட்டன் வகை. அதையே வாங்குங்கள். அம்மாவிடம் அதைக் காட்டிவிட்டுப் போங்கள்.

கேள்வி (காஜாங்): படகு வாங்கிவிட்டேன். குட்டையின் நடுவுக்குப் போய்த் தூண்டில் போட்டும் மீன் கடிக்கவில்லை. எங்கே தவறு?

பதில்: நடுவுக்குப் போனதுதான் தவறு. சிறிய நீர்நிலையில் மீனுக்கு வேண்டிய நிழலும் இரையும் மறைவிடமும் கரையோரத்தில்தான் இருக்கின்றன. கரையில் நிற்பவன் அந்த இடத்தின் மேலேயே மிதித்துக்கொண்டு நிற்கிறான், தூண்டிலையோ தூரத்துக்கு வீசுகிறான். படகில் இருப்பவனுக்குக் கிடைக்கும் பெரிய வாய்ப்பு, கரையிலிருந்து 15 அல்லது 20 மீட்டர் விலகி நின்று, கரையைப் பார்த்து வீச முடிவதாகும். புல்லோரத்தில் இரையை விழச் செய்து ஆழத்தை நோக்கி இழுத்து வரும்போது, இரை ஒளிந்திருக்கும் மீனின் முகத்துக்கு முன்னால் கடந்து போகிறது.

சாய்ந்து கிடக்கும் மரம், மழைக்குப்பின் நீர் வந்து விழும் குழாய்வாய், தாமரைத் திட்டின் ஓரம், காலையில் நிழல் கடைசிவரை தங்கும் கரை ஆகியவற்றை முதலில் பாருங்கள். பீக்காக் பாஸ் கண்ணால் வேட்டையாடும் மீன். வெயில் ஏறியபின்னும் கடிக்கும். காற்று வரும் திசைக்கு ஏறிச் சென்று, துடுப்பை எடுத்துவைத்துவிட்டுப் படகைத் தானாக மிதந்து இறங்கவிடுங்கள்.

இன்னொன்று, ஓசை. மெல்லிய தகட்டுப் படகு ஒரு பறையைப் போன்றது. இடுக்கி ஒன்று தவறி விழுந்தால் குட்டை முழுவதும் கேட்கும். பழைய யோகா விரிப்பை அடித்தளத்தில் விரித்துக்கொள்ளுங்கள். நான் செய்த செலவுகளிலேயே அதிக மீன் கொடுத்தது அந்த விரிப்புதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

கேள்வி (பெஸ்தாரி ஜெயா): தோமான் குஞ்சுக் கூட்டம் கண்ணில் பட்டால் அங்கே தவளை இரையைப் போடு, தாய்மீன் பாய்ந்து கடிக்கும் என்கிறார்கள். போடலாமா?

பதில்: போட்டால் கடிக்கும். ஆனாலும் போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏன் என்பதை விரிவாகச் சொல்கிறேன்.

தோமான் நம் விராலின் குலத்தைச் சேர்ந்தது, ஒரு மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. காற்றையும் சுவாசிக்கும் மீனாதலால் குஞ்சுகளும் அடிக்கடி மேலே வந்தாக வேண்டும். அமைதியான காலையில் படகை நிறுத்திப் பாருங்கள். எங்கோ ஓரிடத்தில் மட்டும் தூறல் விழுவதுபோல நீர் பொடிப்பொடியாகச் சிலிர்க்கும். உற்றுப் பார்த்தால் செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஒரு பந்தாகத் திரண்டு எழுந்து, ஒரு வாய்க் காற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடி கீழே போகும். சற்றுக் கழித்து, அதற்குப் பக்கத்திலேயே, கரிய முதுகு ஒன்று ஓசையின்றிப் புரண்டு மறையும். அதுதான் காவல் நிற்கும் பெற்றோர். தாய் மட்டும் அன்று, தந்தையும் சேர்ந்தே காக்கும்.

அந்த மீன் தவளை இரையைப் பாய்ந்து கடிப்பது பசியால் அன்று. குஞ்சுகளுக்கு நடுவில் வந்து விழுந்த பகையை விரட்டுவதற்காக. அதை இழுத்துப் படகில் போட்டு, படம் எடுத்து, பத்து நிமிடம் கழித்து விட்டாலும், அந்தப் பத்து நிமிடத்தில் மற்ற மீன்கள் குஞ்சுகளைச் சூறையாடிவிடும். பெற்றோரைக் கொண்டுபோய்விட்டால் அந்தத் தலைமுறைக்குக் காவலே இல்லை. இருபது ஏக்கர் குட்டையில் வளர்ந்த தோமான் இணைகள் எத்தனை இருந்துவிடப் போகின்றன? ஒரே பருவத்தில் பத்துப் பேர் இப்படிச் செய்தால் அந்தக் குட்டை காலியாகிவிடும். இளமையில் நானும் செய்திருக்கிறேன். அந்த இடங்களில் சிலவற்றில் இன்று தோமான் புரள்வதைக் காண முடிவதில்லை. காற்று வாங்க மட்டும் தனியே எழும் பெரிய மீனைக் குறிவைத்து வீசுங்கள். அதில்தான் திறமை இருக்கிறது.

இதோடு சேர்த்து ஒன்று: மின்சாரம், நஞ்சு, வெடி ஆகியவற்றால் மீன் பிடிப்பது 1985ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டப்படி குற்றம். கண்ணால் கண்டால் புகார் செய்யுங்கள்.

கேள்வி (செந்தூல்): மின்மோட்டாரும் மின்கலமும் வாங்க எண்ணம். எது போதும்?

பதில்: முதலில் நல்ல துடுப்பு வாங்குங்கள், 300 மீட்டர் அகலக் குட்டைக்கு மோட்டார் கட்டாயம் அன்று. வாங்கியே தீர்வதென்றால் 30 பவுண்டு உந்துவிசை உள்ளது போதும். அது முழுவேகத்தில் ஏறத்தாழ 30 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர்-மணி காரீய அமில மின்கலத்தில் பாதியைத்தான் கெடாமல் பயன்படுத்தலாம் என்பதால் முழுவேகத்தில் ஒன்றரை மணி நேரம்தான் ஓடும். எடையோ 25 கிலோவுக்கு மேல். 50 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலம் ஏறக்குறைய 6 கிலோதான்; மெதுவாக 10 ஆம்பியரில் ஓட்டினால் 4 மணி நேரம் தாங்கும். விலை கூடுதலே, ஆனால் முதுகு உங்களுடையது. நேர்முனைக்கு அருகிலேயே உருகி (ஃபியூஸ்) பொருத்துங்கள், மின்கலத்தைப் படகின் நடுப்பகுதியில் கட்டி வையுங்கள்.

கேள்வி (கெப்போங்): நின்றுகொண்டு வீசலாமா?

பதில்: கூடாது. உட்கார்ந்தே வீசப் பழகினால் மீனுக்கும் உங்கள் நிழல் தெரியாது.

கேள்வி (பட்டர்வொர்த்): பினாங்குப் பக்கம் விடியற்காலையில் வானம் தெளிவாக இருந்தும் திடீரென்று காற்று அடித்துவிடுகிறது. எப்படி முன்கூட்டி அறிவது?

பதில்: நீங்கள் சொல்வது சுமத்ரா என்று மீனவர்கள் அழைக்கும் புயற்காற்று வரிசை. மலாக்கா நீரிணையின்மேல் இரவில் திரண்டு, பெரும்பாலும் ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான காலத்தில், விடியலுக்கு முன்னும் காலையிலும் மேற்குக் கரையைத் தாக்கும். மேற்கே அடிவானத்தில் வளைந்த கரிய திரை எழுந்து, அதற்குமுன் குளிர்ந்த காற்று ஒருமுறை முகத்தில் பட்டால், தூண்டிலைச் சுருட்டிக் கரைக்குத் திரும்புங்கள். மடிப்புப் படகு எடை குறைந்தது. காற்று அதைச் சருகாகத் தள்ளும். காற்றை எதிர்த்து வந்த இடத்துக்கே திரும்பப் பாடுபடாமல், காற்று உங்களைத் தள்ளிச் செல்லும் பக்கத்தில் உள்ள கரையில் ஒதுங்குங்கள்.

கோலாலம்பூரில் ஆபத்து பிற்பகல் இடியில் இருக்கிறது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள். 3 வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கொள்ளலாம். ஆனால் இடி காதில் விழுந்துவிட்டாலே நீங்கள் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள். தட்டையான நீர்ப்பரப்பில் உயரமான பொருள் நீங்கள், கையிலிருப்பது மின்சாரம் பாயும் கரியிழைக் கோல். கடைசி இடி ஓய்ந்து 30 நிமிடம் ஆகும்வரை மறுபடி இறங்காதீர்கள்.

கேள்வி (ரவாங்): ஐயா, என் மகளுக்கு அறுவை சிகிச்சையில் குழந்தை பிறந்திருக்கிறது. ஈயக்குட்டையில் பிடித்த விராலைச் சாறு வைத்துக் கொடுக்கலாமா?

பதில்: வாழ்த்துகள், அம்மா. காயம் ஆற விரால் சாறு கொடுப்பது இங்கே எல்லா இனத்தாரிடமும் உள்ள வழக்கம். ஆனால் அந்த மீன் குட்டை மீனாக இருக்க வேண்டாம். வெள்ளீயத் தாதுவோடு ஆர்செனிக் போன்றவையும் மண்ணில் கலந்திருப்பதுண்டு. தோண்டிய இடத்தில் அவை நீருக்கும் சேற்றுக்கும் வந்து சேரும். விரால் மற்ற மீன்களைத் தின்று வாழ்வது, அவற்றின் உடலில் சேர்ந்ததையும் உட்கொள்வது. பால் கொடுக்கும் தாய்க்குச் சந்தையில் வளர்ப்பு விரால் வாங்கிக் கொடுங்கள். நான் குட்டை மீனை வீட்டுக்குக் கொண்டுவருவதே இல்லை.

கேள்வி (பத்துமலை): படகின் மடிப்புக் கோட்டில் வெள்ளையாகத் தெரிகிறது. விரிசலா?

பதில்: கட்டை விரல் நகத்தால் அந்தக் கோட்டின் குறுக்கே மெதுவாக இழுத்துப் பாருங்கள். வழுவழுப்பாகப் போனால் அது வளைந்ததால் வந்த வெளிறல் மட்டுமே. பாலிபுரோப்பிலீன் மடிப்பு எத்தனையோ ஆயிரம் முறை வளைவதைத் தாங்கும். நகம் தட்டினால் விரிசல் தொடங்கிவிட்டது என்று பொருள். சாதாரணப் பசை எதுவும் இந்தப் பிளாஸ்டிக்கில் ஒட்டாது. வெப்பக் காற்றால் உருக்கி, அதே பொருளின் கம்பியை வைத்துப் பற்றவைக்கத் தெரிந்த பட்டறைக்குக் கொண்டுபோங்கள். வெயிலில் போட்டுவைத்தால் தகடு நொறுங்கத் தொடங்கும். தார்ப்பாய் போட்டு மூடுங்கள்.

கேள்வி (கிள்ளான்): யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

பதில்: பல குட்டைகள் தனியார் நிலத்தில் உள்ளவை, உரிமையாளரைக் கேளுங்கள். சிலாங்கூரில் நீர்நிலைகளைக் கவனிப்பது லுவாஸ் எனப்படும் மாநில நீர் மேலாண்மை வாரியம். குடிநீர் அணைகளில் அனுமதியின்றி இறங்கவே கூடாது.

கேள்வி (சுபாங்): ஒன்பது வயது மகனை உடன் அழைத்துப் போக ஆசை. எப்படித் தொடங்குவது?

பதில்: நீச்சல் குளத்தில் தொடங்குங்கள். சிறுவர் அளவு அங்கியை அணிவித்து, தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். அது தாடைக்கு மேலே ஏறினால் பெரிது, கால்களுக்கிடையே கட்டும் பட்டை உள்ளதை வாங்குங்கள். அதோடு அவன் குளத்தில் மிதந்து பழகட்டும். அடுத்து, கரையில் படகை அவனையே விரிக்கவிட்டு, இருக்கைகளின் ஊசிகள் பொருந்தியிருக்கின்றனவா என்று அவனையே சரிபார்க்கச் சொல்லுங்கள். நீரில் முதல்முறை ஒரு மணி நேரம் போதும். தோமானையும் பீக்காக் பாஸையும் விட்டுவிட்டு, ரொட்டித் துண்டும் தக்கையும் வைத்துத் திலாப்பியாவுக்குப் போடுங்கள். தக்கை ஆடினால் என்ன செய்வது என்று சொல்லிவிட்டு, தூண்டிலை அவன் கையிலேயே விட்டுவிடுங்கள்.